இரண்டு பேர் தூக்கும் வாக்கியம்

ஜூன் 4

இன்று நல்ல வெயில். காலையில் டீ குடித்தேன்.

இந்த இரண்டு வரியை எழுதி முடிப்பதற்குள் அடுத்த டீ வந்துவிட்டது. கொண்டுவந்த வீட்டுக்காரி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "சொத்தையெல்லாம் யார் பேருக்கு எழுதுறீங்க?" என்று கேட்டாள். என் சொத்து அவளும் இந்தப் பேனாவும்தான். பேனா அவளைப் போல எதிர்த்துப் பேசுவதில்லை. அவளுக்கு எழுத்து தெரியாது என்பதால் இதைத் தைரியமாக எழுதுகிறேன். படித்தவனுக்கு இப்படி ஒரு வசதி இருக்கும் என்று இத்தனை வருஷம் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

தினமும் ஒரு வரியாவது எழுத வேண்டும் என்பது டீச்சர் உத்தரவு. நூலகத்து மாடியில், பழைய செய்தித்தாள்களைக் கட்டிப் போட்டிருக்கும் அறையில், வாரத்தில் சில மாலைகள் எங்களுக்கு வகுப்பு. போன வருஷம் தமிழ் எழுத்து. இந்த வருஷம் இங்கிலீஷும் சேர்ந்துவிட்டது. டீச்சர் பகலெல்லாம் கீழே உட்கார்ந்து புத்தகங்களுக்கு முத்திரை குத்துகிறவர். எங்களுக்கு ஒரு மகள் பிறந்திருந்தால் அவர் வயது இருக்கும். என்னை 'ஐயா' என்று கூப்பிட்டுக்கொண்டே என் எழுத்தைச் சிவப்பு மையால் அடிப்பார். மரியாதையோடு திட்டு வாங்குவது தனிச் சுகம்.

நான் கண்ணாடி வேலை பார்த்தவன். மூக்கில் மாட்டும் கண்ணாடி இல்லை. ஜன்னலுக்கும் கடை முகப்புக்கும் பொருத்தும் பெரிய கண்ணாடி. எழுபது தாண்டி, எலும்பு ஓய்வு கேட்ட பிறகு, பள்ளிக்கூடம் போகிறேன்.

கை வலிக்கிறது. மிச்சம் நாளைக்கு.

ஜூன் 5

நேற்று எழுதியதைத் திறந்து பார்த்தேன். அப்படியே இருக்கிறது.

ஜூன் 9

கொக்கைப் பற்றி எழுத வேண்டும். அவனை விட்டுவிட்டு என்னை எழுத முடியாது.

கொக்கு என் கூட்டாளி. நெடுநெடுவென்று வளர்ந்தவன், கழுத்தை நீட்டி நீட்டி நடப்பான். அவன் எனக்கு வைத்த பெயர் பூசணி. ஏன் என்று எழுத மாட்டேன். மீசை முளைக்கும் முன்பே ஒரே கண்ணாடிக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தோம். முதலாளி எங்களை அருகருகே நிறுத்தி மேலும் கீழும் பார்த்து, "ரெண்டையும் கரைச்சு மறுபடி ஊத்தினா ரெண்டு நல்ல ஆள் கிடைக்கும்" என்றார். கரைக்கவில்லை. ஜோடியாகவே வைத்துக்கொண்டார்.

பெரிய கண்ணாடியை ஒருவர் தூக்க முடியாது. படுக்க வைத்தும் தூக்கக் கூடாது, தன் பாரத்தில் தானே உடையும். நிமிர்த்தி நிறுத்தி, முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். கொக்கின் கண்ணுக்கு வழி நன்றாகத் தெரியும் என்பதால் அவன் எப்போதும் முன்னால். என் தோள் பாரம் தாங்கும் என்பதால் நான் எப்போதும் பின்னால். மாடிப்படி ஏறும்போது முழுப் பாரமும் கீழே நிற்பவன் மேல்தான் இறங்கும். அவன் "படி" என்பான். நான் "ம்" என்பேன். "திருப்பம்" என்பான். "ம்" என்பேன். வேலை நேரத்தில் என்னுடைய மொத்த வசனம் அந்த ஒற்றை "ம்"தான்.

அவன் மனைவி காலமாகிச் சில வருஷம் ஆகிறது. ஒரே மகன் வெளிநாட்டில் இருக்கிறான். அங்கேயே கல்யாணம், அங்கேயே ஒரு பெண் குழந்தை. அப்பா வந்து தங்களோடு இருக்க வேண்டும் என்று மகனுக்கு ஆசை. ஆனால் பேத்திக்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும். போனில் அவள் முகம் வரும். இவன் கையை ஆட்டுவான். அவளும் ஆட்டுவாள். பிறகு பேச ஒன்றும் இல்லாமல் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இருப்பார்கள், கன்னம் வலிக்கிற வரை. அதற்காகத்தான் போன வருஷம் அவன் வகுப்பில் சேர்ந்தான்; முதலில் தமிழ் எழுத்து, அப்புறம்தான் இங்கிலீஷ் என்று டீச்சர் சொல்லிவிட்டார். துணைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனான். இந்த வருஷம், எழுத்துக்கூட்டினால் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது என்று அவன் நின்றுவிட்டான். துணைக்குப் போன நான் நிற்கவில்லை.

"நீ படிச்சிட்டு வந்து எனக்கு வாயால சொல்லிக்குடு. எதுக்கு ரெண்டு பேரு?" என்றான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் வாயிலிருந்து அந்தக் கேள்வி.

ஆகவே என் வகுப்பு முடிந்ததும், பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கும் சிமெண்ட் பெஞ்சில் அவன் வகுப்பு. டீச்சர் எனக்கு. நான் கொக்குக்கு.

ஜூன் 17

இன்று ஒருமை பன்மை. டீச்சர் பலகையில் இரண்டு வாக்கியம் எழுதினார். தி ஒர்க்கர் கேரீஸ். தி ஒர்க்கர்ஸ் கேரி. வேலையாள் தூக்குகிறான். வேலையாட்கள் தூக்குகிறார்கள்.

நான் உற்றுப் பார்த்தேன். இருப்பது ஒரே ஒரு எஸ். ஆள் தனியாக இருந்தால் அது வேலையின் பின்னால் போய் ஒட்டிக்கொள்கிறது. ஆட்கள் கூடிவிட்டால் வேலையை விட்டுவிட்டு ஆட்களின் பின்னால் வந்து நிற்கிறது. இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு ஏணி இருப்பது மாதிரி. இவர்களிடம் இருக்கும்போது அவர்களிடம் இருக்காது. இதை நானே கண்டுபிடித்தேன் என்ற சந்தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டேன். டீச்சர் என்ன ஐயா என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்று உட்கார்ந்தேன். பக்கத்தில் உட்காரும் தையல்காரம்மா வாயைப் பொத்திச் சிரித்தார்.

பெஞ்சில் கொக்குக்குச் சொன்னேன். கழுத்தைச் சாய்த்து யோசித்தான்.

"தனியா வேலை செய்யறவனுக்குப் பாவம், வேலையில ஒரு எஸ் கூடுதல் பாரம். ரெண்டு பேரு ஆயிட்டா வேலை லேசாயிடுது. சரியாத்தான் வெச்சிருக்காங்க."

நான் இதை யோசிக்கவில்லை. இவன் வகுப்பில் இருந்திருந்தால் டீச்சர் இவனைத்தான் மெச்சியிருப்பார். வராமல் இருப்பது ஒரு வகையில் நல்லது.

ஒரு தடவை அவனுக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டான். முதலாளி வேறு ஒருவனோடு என்னை அனுப்பினார். கெட்டிக்காரன், கை சுத்தம். ஆனால் வழி முழுக்க அவன் பார்த்த சினிமாக் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தான். படி வருகிறதா, கதாநாயகி வருகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குக் கண்ணாடி உடையவில்லை, அவ்வளவுதான். வேலை முடிந்ததும் நேராகக் கொக்கு வீட்டுக்குப் போய், அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, சீக்கிரம் எழுந்திருடா என்று கெஞ்சினேன். அன்பு என்று அவன் மனைவி நினைத்துக்கொண்டாள். பயம். இரண்டும் இருக்கலாம்.

ஜூன் 18

'ஐ கேரி' என்பதில் எஸ் இல்லை. நான் ஒரு ஆள்தானே, ஏன் கூட்டத்தோடு சேர்த்தார்கள்? டீச்சரிடம் கேட்டேன். "அது அப்படித்தான் ஐயா" என்றார். பரவாயில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜூலை 2

இன்று வகுப்பில் எனக்குப் பேரதிர்ச்சி. கண்ணாடிக்கு இங்கிலீஷில் பன்மை இல்லையாம். வண்டி நிறைய ஏற்றினாலும் 'கிளாஸ் இஸ்'. ஒரு கிடங்கு முழுக்க அடுக்கினாலும் 'இஸ்'. உப்பு, மணல், தண்ணீர் மாதிரி எண்ண முடியாத பொருள் என்கிறார் டீச்சர். எண்ண முடியாதா? நான் எண்ணி இறக்கியிருக்கிறேனே. ஒன்று குறைந்தால் முதலாளி எங்களை அல்லவா எண்ணுவார்.

அதோடு விட்டார்களா. மூக்கில் ஒன்றே ஒன்று உட்கார்ந்திருக்கிறதே, அந்தக் கண்ணாடி பன்மை. 'மை கிளாசஸ் ஆர்'. கத்தரிக்கோலும் பன்மை, கால்சட்டையும் பன்மை. இரண்டு பாதி சேர்ந்து ஒன்றாக வேலை செய்தால் அதை இரண்டு என்றே சொல்ல வேண்டுமாம்.

கொக்கு ரொம்ப நேரம் சிரித்தான். "நம்மளையும் அந்தக் கத்தரிக்கோல் பக்கத்துல எழுதிக்கச் சொல்லு" என்றான்.

பிறகு பேச்சு பழைய பக்கம் போய்விட்டது. எங்களுக்கு அளவு எழுதத் தெரியாத காலம். ஜன்னலை அளக்கப் போனால் ஒரு மெல்லிய மரச்சட்டத்தை எடுத்துக்கொண்டு போவோம். அகலத்துக்கு ஒரு வெட்டு, உயரத்துக்கு ஒரு வெட்டு. அந்தச் சட்டம்தான் எங்கள் எழுத்து. எந்தச் சட்டம் எந்த வீடு என்று கொக்குக்கு ஞாபகம் இருக்கும். மேலே ஒரு கீறல் போட்டால் வக்கீல் வீடு. ஓரத்தில் கடித்து வைத்தால் நாய் இருக்கும் வீடு. அந்தக் கடி அவன் பல்லாலேயே. கிடங்கு மூலையில் சட்டங்கள் குவிந்து கிடக்கும். ஒருநாள் முதலாளி மனைவி அதை அடுப்புக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஊர் பாதி எரிந்தது என்று கொக்கு மூக்கால் அழுதான். மறுபடி எல்லா வீட்டுக்கும் போய் அளந்தோம். நாய் வீட்டில் மறுபடி கடி வாங்கினோம். கடிபட்டது ஒருவன்தான். ஆனால் வாங்கினோம் என்றுதான் எழுத வருகிறது.

ஜூலை 3

'யூ ஆர்'. எதிரில் ஒரே ஆள் இருந்தாலும் 'ஆர்'. வீட்டுக்காரியிடம் "யூ ஆர் குட்" என்றேன். "திட்டுறதா இருந்தா தமிழ்ல திட்டுங்க" என்றாள்.

ஜூலை 11

இன்று கொக்குக்குப் பரீட்சை மாதிரி. மாலையில் பெஞ்சில் இருக்கும்போதே மகனின் போன் வந்தது. திரையில் பேத்தி. முன்பல் விழுந்திருக்கிறது. தாத்தா இன்றைக்கு என்ன செய்தார் என்று இங்கிலீஷில் கேட்டாள். இவனுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்தது. அவன் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, ஒவ்வொரு சொல்லாகக் கீழே வைத்தான்.

"வீ ஈட். வீ வாக். வீ சிட்."

குழந்தை நெற்றியைச் சுருக்கினாள். "ஹூ இஸ் வீ?"

கொக்கு போனை என் பக்கம் திருப்பினான். திடீரென்று என் முன்னால் பல் இல்லாத ஒரு சிரிப்பு. எனக்கும் முன்பல் இல்லை. பொழுது சாய்ந்திருந்தும் "குட் மார்னிங்" என்றேன். அங்கே காலையாக இருந்ததால் தப்பித்தேன்.

ஐ என்று சொல்ல வேண்டும், ஐ ஈட், ஐ வாக் என்று போன் வைத்த பிறகு அவனைத் திருத்தினேன். சரி சரி என்றான். அடுத்த நிமிஷம் கேட்டால் மறுபடி வீ. அவன் தப்பு இல்லை. ஒரு தடவை முதுகுவலிக்கு அவன் மட்டும் டாக்டரிடம் போனான். என்ன செய்யுது என்று டாக்டர் கேட்க, "எங்களுக்கு முதுகு வலிக்குதுங்க" என்றானாம். வாசலில் யார் இருக்கிறார்கள் என்று டாக்டர் எட்டிப் பார்த்தாராம். யாராவது என்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்டால் நானும் சாப்பிட்டோம் என்றுதான் சொல்வேன். இரண்டு பேர் தூக்கும் பொருளை ஒருவர் தூக்கியதாகச் சொன்னால் பொய் அல்லவா. அப்படியே நாக்கு பழகிவிட்டது.

டீச்சர் சொன்னது ஞாபகம் வருகிறது. இங்கிலீஷில் வீ என்றால் கேட்கிற ஆளும் அதில் சேர்த்தியா இல்லையா என்று தெரியாதாம். தமிழில் அந்தக் குழப்பமே இல்லை. நாம் என்றால் நீயும் வா. நாங்கள் என்றால் நீ கொஞ்சம் தள்ளி நில். குழந்தை கேட்டது நியாயமான கேள்வி.

ஜூலை 12

நேற்று ஒன்றை எழுதாமல் விட்டேன். எழுத மனசு வரவில்லை.

பேத்திக்குப் பிறகு மகன் பேசினான். குளிர்காலம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வந்துடுங்கப்பா என்றான். பாப்பாகூட பேசுற அளவுக்கு வந்துட்டீங்களே, இனிமே என்ன சாக்கு என்றான். நல்ல பையன். என்னையும் விசாரித்தான்.

பேசுற அளவுக்கு வந்துட்டீங்களே — யாரு கொண்டுவந்தது? நான்தானே. தினம் வாத்தியார் மாதிரி உட்கார்ந்து சொல்லிக்குடுத்தேனே. ஒவ்வொரு வாக்கியமா அவன் பெட்டியில நானே மடிச்சு வெச்சிருக்கேனே. இது எனக்கு எப்படி இவ்வளவு நாள் தெரியாமப் போச்சு? பின்னாடி நின்னு தூக்கினவனுக்கு எங்க போறோம்னு தெரியாது. சரி. அது கண்ணாடிக்குத்தானே. இதுக்குமா?

அவன் போயிட்டா நான் யார்கிட்ட — 

போதும். எழுத்தெல்லாம் கோணுகிறது.

ஜூலை 20

நான்கு மாலையாகப் பெஞ்சுக்குப் போகவில்லை. வகுப்பு முடிந்ததும் பின்பக்கப் படி வழியாக இறங்கி வீட்டுக்கு வந்துவிடுகிறேன். கொக்கு கேட்டால் தலைவலி என்று சொல்லும்படி வீட்டுக்காரியிடம் சொல்லி வைத்தேன்.

இன்று கொக்கே வாசலில் வந்து நின்றான். வீட்டுக்காரி, "உள்ள வாங்கண்ணா. தலைவலிக்காரர் இப்பதான் ரெண்டு தட்டு சாப்பிட்டு முடிச்சார்" என்று வரவேற்றாள். எப்படிப்பட்ட விசுவாசம் பாருங்கள்.

அவன் உட்கார்ந்தான். டீ குடித்தான். போகும்போது, "பாப்பா நேத்து கூப்பிட்டா. புது வாக்கியம் ஒண்ணும் இல்ல, பழசையே சொன்னேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் போன பிறகு வீட்டுக்காரி பாத்திரம் கழுவிக்கொண்டே முதுகைக் காட்டியபடி பேசினாள். அந்த மாதிரி பேசும்போதுதான் அவள் பேச்சில் அடி பலமாக இருக்கும். "அண்ணன் அங்க போனா ஒரு குழந்தை இருக்கு. இங்க இருந்தா நாம ரெண்டு கிழங்கட்டைங்க இருக்கோம். நமக்குத் துணை வேணும்னு அவரைப் புடிச்சு வெச்சுக்கறதா? தலைவலியாம், தலைவலி."

தலை நிஜமாகவே வலிக்க ஆரம்பித்தது.

ஜூலை 21

பெஞ்சுக்குப் போனேன். புது வாக்கியம்: தி பேபி ஸ்லீப்ஸ். பேபீஸ் ஸ்லீப். கொக்கு ஒரே தடவையில் பிடித்துக்கொண்டான். வாத்தியாருக்குத் துக்கமும் பெருமையும் ஒன்றாக வரலாம் என்று தெரிந்தது.

ஜூலை 27

வகுப்பு இல்லை. கொக்கோடு கடைத்தெருவுக்கு நடந்தேன். நாங்கள் மாட்டிய பெரிய கண்ணாடி முன்னால் நின்றோம். அப்போது துணிக்கடை, இப்போது செருப்புக்கடை. கண்ணாடி மட்டும் அதே கண்ணாடி. கண்ணாடி நகராமல் இருக்க ஓரத்தில் நாங்கள் பூசிய பட்டிகூட இன்னும் உதிரவில்லை.

அதை மாட்டிய நாள் காற்று. பெரிய கண்ணாடிக்குக் காற்று ஆகாது, பாய்மரம் மாதிரி ஆளையே இழுத்துக்கொண்டு போகும். தெருமுனையில் திரும்பும்போது ஒரு வீச்சு வந்தது. இரண்டு பேரும் அப்படியே தரையில் முழங்கால் ஊன்றி, கண்ணாடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, காற்று போகிற வரை உட்கார்ந்திருந்தோம். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. என்ன வேண்டுதல் என்று ஒருவர் கேட்டார். அந்தக் கண்ணாடி உடைந்திருந்தால் இரண்டு பேருக்கும் வேலை போயிருக்கும். ஆனால் கொக்கு முன்னாலிருந்து என்னிடம் கேட்டது, "டேய் பூசணி, மூக்கு அரிக்குது, என்ன பண்றது?"

மாட்டி முடித்த பிறகு துடைக்க வேண்டும். அவன் கடைக்கு உள்ளே, நான் தெருவில். ஒரே இடத்தை இரண்டு பக்கத்திலிருந்தும் துடைத்தால்தான் அழுக்கு எந்தப் பக்கம் என்று தெரியும். அவன் கை போகிற இடமெல்லாம் என் கை போகும். நடுவில் கண்ணாடி. வேலை நேரத்தில் நான் அவன் முகத்தைப் பார்த்தது அப்போது மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் எனக்குத் தெரிந்தது அவன் சட்டைக் காலர். தேய்ந்த காலர், திருப்பித் தைத்த காலர், கல்யாணத்துக்குப் பிறகு வெளுத்த காலர். அவன் வயசானதை நான் காலரில்தான் பார்த்தேன்.

பள்ளிக்கூடத்து ஜன்னலுக்குக் கண்ணாடி போட்ட கதையையும் பேசினோம். உள்ளே பலகை நிறைய எழுத்து. பிள்ளைகள் ஒரே குரலில் படித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வெளியே ஏணியில். கண்ணாடியைப் பொருத்தியதும் சத்தம் சட்டென்று குறைந்துவிட்டது. எழுத்து மட்டும் தெரிந்தது. "அழகா இருக்குல்ல" என்றான் கொக்கு. நான் "ம்" என்றேன்.

இன்று செருப்புக்கடை கண்ணாடியில் ஒட்டியிருந்ததை நான் வாய்விட்டுப் படித்தேன். தள்ளுபடி. கொக்கு பக்கத்தில் நின்றவரிடம், "என் கூட்டாளி. படிச்சவரு" என்று அறிமுகப்படுத்தினான்.

ஆகஸ்ட் 9

இன்றைக்கு நடந்ததை அப்படியே எழுத வேண்டும். டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பெஞ்சில் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஹீ இஸ், தே ஆர். கொக்கு பாதியில் நிறுத்திவிட்டான். பேருந்து ஒன்று வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டான்.

"போகட்டுமாடா?"

இத்தனை வருஷத்தில் அவன் என்னைக் கேட்டதில்லை. வழி அவனுடையது. அவன் படி என்றால் படி, நில் என்றால் நில். முன்னால் போகிறவன் பின்னால் இருப்பவனைக் கேட்டு நடந்தால் இரண்டு பேரும் விழ வேண்டியதுதான். எனக்குப் பழக்கதோஷத்தில் "ம்" என்று வாய் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். இதற்கு "ம்" போதாது. முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும்.

"போடா. அந்தக் குழந்தை எத்தனை நாளைக்குப் போன்லயே கேள்வி கேட்கும்? பக்கத்துல இருந்து பதில் சொல்ல ஒரு ஆள் வேணாமா?"

"நீ?"

"நான் கிளாஸுக்குப் போவேன். வீட்டுல தினமும் அடி வாங்குவேன். எனக்கு வேலையா இல்ல?"

அவன் சிரிக்கவில்லை. "நீ தப்பு தப்பா சொல்லிக்குடுத்திருந்தா நான் இங்கயே இருந்திருப்பேன்ல" என்றான்.

"தோணுச்சு" என்றேன்.

"தெரியும். நாலு நாள் தலைவலி வந்தப்பவே தெரியும்."

அப்புறம்தான் சிரித்தோம். நிறுத்தத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆகஸ்ட் 10

வீட்டுக்காரியிடம் சொன்னேன். நல்லது என்றாள். பிறகு ரொம்ப நேரம் அடுக்களையிலிருந்து வெளியே வரவில்லை.

செப்டம்பர் 6

மகன் வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டான்.

வீட்டுக்காரி கொக்குக்குக் கம்பளித் துண்டு ஒன்று பின்னிக் கொடுத்தாள். அவன் கழுத்தில் ஒரு சுற்றுதான் வந்தது. "அண்ணன் கழுத்தை மறந்துட்டுப் பின்னிட்டேன்" என்று வருத்தப்பட்டாள். அவன் அந்த வெயிலிலும் கழற்றவில்லை.

விமான நிலையத்துக்கு நானும் வீட்டுக்காரியும் போனோம். அவனுடைய பெட்டியை இறக்க நான் கையை நீட்டினேன். அதற்குச் சக்கரம் இருந்தது. மகன் ஒரு விரலால் தள்ளிக்கொண்டு போனான். தூக்குவதற்கு எதுவும் இல்லாமல் நானும் கொக்கும் கையை வீசிக்கொண்டு நடந்தோம்.

அங்கே ஒரு பெரிய கண்ணாடிச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் பயணிகள் மட்டும்தான் போகலாம். கண்ணாடியின் கனத்தைப் பார்த்தாயா என்று வீட்டுக்காரியிடம் சொல்லத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். கொக்கு உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தான். அவன் வாய் அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. நல்ல கண்ணாடி.

செப்டம்பர் 7

ஹீ கோஸ். எஸ் போட்டுவிட்டேன்.

செப்டம்பர் 19

நடைபாதையிலிருந்து இறங்கும்போது இன்று நானாகவே "படி" என்று சொல்லிவிட்டேன். முன்னால் போன அம்மாள் திடுக்கிட்டுக் கீழே பார்த்து, கவனமாக இறங்கி, நன்றி என்றார். எனக்குச் சிரிப்பு. வீட்டுக்கு வந்து வீட்டுக்காரியிடம் நடித்துக் காட்டினேன்.

வகுப்பு முடிந்ததும் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தேன். பாடம் சொல்ல ஆள் இல்லை. படித்ததை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு எழுந்து வந்தேன். சொல்லிக்கொடுத்தால்தான் எனக்கு மனசில் நிற்கிறது என்பது இப்போது தெரிகிறது. இன்று டீச்சர் என் வாக்கியத்தில் இரண்டு இடத்தில் சிவப்பு மை போட்டார்.

அவன் மூன்று தடவை கூப்பிட்டான். குளிர் என்றான். பாத்ரூமில் வெந்நீர் எந்தப் பக்கம் திருகினால் வரும் என்று பழகிவிட்டதாகச் சொன்னான். மகன் வேலை முடிந்து வந்தாலும் அதிகம் பேசுவதில்லையாம். எப்போதும் அப்படித்தான் என்றான். வேலை வேலை என்று இருந்த அப்பனிடம் பையன் என்ன பேசுவான் என்று அவனே பதிலும் சொன்னான். மூன்று தடவையும் சந்தோஷமாக இருக்கிறாயா என்று நான் கேட்கவில்லை. நேரில் என்றால் காலரைப் பார்த்தே அவன் எப்படி இருக்கிறான் என்று சொல்லிவிடுவேன், குரலில் காலர் தெரியவில்லை.

அக்டோபர் 3

இன்று நானே கூப்பிட்டேன். எப்போதும் அவன்தான் கூப்பிடுவான். வீட்டுக்காரியின் போனில் அவன் பெயரை எழுத்துக்கூட்டிக் கண்டுபிடித்து அழுத்தினேன். இந்த வீட்டில் எனக்குத்தான் அந்தப் பெருமை.

எடுத்தது குழந்தை. படம் வரவில்லை, குரல் மட்டும். "ஐ ஆம் யுவர் தாத்தாஸ் ஃப்ரெண்ட்" என்றேன். "ஐ நோ. குட் மார்னிங்" என்றாள். குறும்புக்காரி, அன்றைக்கு நடந்ததை மறக்கவில்லை.

தாத்தா எங்கே என்று கேட்டேன். அவள் கடகடவென்று பேசினாள். நிறுத்தச் சொல்லி, மறுபடி மெதுவாகச் சொல்லச் சொன்னேன். சொன்னாள். எனக்கு எல்லாம் புரிந்தது. எல்லாம். யாரையும் கேட்காமல்.

புது அலமாரி வாங்கியிருக்கிறார்கள். தாத்தாவுடைய அறைக்கு. அறை மாடியில். "தே ஆர் கேரியிங் இட்" என்றாள். அவளுடைய அப்பாவும் தாத்தாவும்.

தே ஆர். நான் அந்த இரண்டு சொல்லை வாய்க்குள் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். பொறாமை என்று எழுதினால் தப்பில்லை, எழுதிவிடுகிறேன். பிறகு கேட்டேன், முன்னால் யார் என்று.

"டாடி."

தாத்தா?

பின்னால். கீழ்ப்படியில். தாத்தாதான் அங்கே நிற்பேன் என்று பிடிவாதம் பிடித்தாராம்.

அந்த ஒட்டடைக் குச்சி பின்னால் நிற்கிறது. மாடிப்படியில். அவனுக்கு என்ன தெரியும் பாரத்தைப் பற்றி. முதுகை வளைக்கக் கூடாது, முட்டியை மடக்கித் தாங்க வேண்டும். அதைச் சொல்ல வேண்டும் என்று தவித்தேன். முட்டி என்ற இடத்தில் வாக்கியம் நின்றுவிட்டது. அந்தச் சொல் என்னிடம் இல்லை. "டெல் தாத்தா, ஸ்லோ. ஸ்லோ" என்றேன்.

அவள் போனோடு ஓடினாள். படிக்கட்டில் அவள் கத்துவது கேட்டது, ஸ்லோ, ஸ்லோ என்று. மரம் சுவரில் உரசியது. மகன் "படி" என்றான். தமிழில். பிறகு தூரத்திலிருந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, கொக்கின் குரல்.

"ம்."

மேலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று குழந்தை வந்து சொன்னாள். தாத்தா சிரிப்பதாகச் சொன்னாள். அவரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

வீட்டுக்காரி பக்கத்திலேயே நின்றிருந்தாள். என்ன சொன்னா, எல்லாம் புரிஞ்சுதா என்று கேட்டாள். புரிந்தது என்றேன். அண்ணன் எப்படி இருக்காராம் என்றாள். நன்றாக இருக்கிறான் என்றேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு டீ போடப் போனாள்.

முட்டிக்கு இங்கிலீஷில் என்ன என்று நாளை டீச்சரிடம் கேட்க வேண்டும்.